புதுப்பிப்பு: மண்டபத்தில் தாமிர அசிட்டேட் படிகம் வந்துவிட்டது

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரின் கடற்காற்று ஈரத்தில் தாமிர அசிட்டேட் (தாமிரமும் வினிகரின் அசிட்டிக் அமிலமும் சேர்ந்த உப்பு) கரைசல் வற்றவே மாட்டேன் என்கிறது, படிகம் எப்படி எடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். "வற்ற விடாதே தம்பி, ஆற விடு" என்று இங்கே ஒரு அண்ணன் சொன்னார். அதுதான் சரி. குளிர்ந்த நீரில் 100 மில்லிக்குச் சுமார் 7 கிராம் கரையும் இந்த உப்பு, கொதிநீரில் 20 கிராம் வரை கரையும்; ஆறும்போது மிஞ்சுவது படிகமாகிவிடும். தாமிரக் கார்பனேட்டைச் சூடான அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, அமிலம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டு (குறைந்தால் கார அசிட்டேட் என்ற வேறு உப்பு கலங்கலாக இறங்கிவிடும்), வடிகட்டி, துணி சுற்றி மெல்ல ஆறவிட்டேன். நீலம் கலந்த கரும்பச்சைப் படிகங்கள்!

உள்ளமைப்பு இன்னும் அழகு. இரண்டு தாமிர அணுக்களை நான்கு அசிட்டேட்டுகள் துடுப்புச் சக்கரம் போலப் பிணைக்கின்றன. இரு முனையிலும் ஒவ்வொரு நீர் மூலக்கூறு. தாமிரங்களுக்கு இடையே சுமார் 2.6 ஆங்ஸ்ட்ராம்தான் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). இந்த ஜோடியை 1952இல் பிளீனி, பவர்ஸ் என்ற இயற்பியலாளர்கள் காந்தப் பண்பை வைத்தே கணித்தார்கள். மறு ஆண்டு எக்ஸ் கதிர் ஆய்வு அதை உறுதிசெய்தது. எனக்கு இன்னும் பிரமிப்பு தீரவில்லை.

அப்புறம், மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மன்னார் வளைகுடாவின் பவளத்துக்கும் சங்குக்கும் தாமிரம் நஞ்சு. பழைய இரும்பாணிகளைப் போட்டு வைத்தால் தாமிரம் அவற்றின்மேல் படிந்துவிடும்.