புதுப்பிப்பு: வீட்டுக்கடன் எங்கே வாங்கினோம்

தாம்பரம் பக்கம் ஃபிளாட் வாங்க வங்கிக் கடனா, ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, வங்கியிலேயே எடுத்துவிட்டோம். கம்பெனி சொன்ன வட்டி கொஞ்சம் குறைவுதான், ஆனால் அது அவர்களே நிர்ணயிக்கும் விகிதம். வங்கிகளிலோ 2019 அக்டோபரிலிருந்து புதிதாகத் தரும் மாறும் வட்டிக் கடன் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம்) மாதிரி ஒரு வெளி விகிதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்தியாக வேண்டும். ரெப்போ இறங்கினால் நமக்கும் இறங்கும், ஏறினாலும் அப்படித்தான். இருபது வருஷக் கடனுக்கு எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது.

அப்புறம், சாங்ஷன் லெட்டரை (கடன் அனுமதிக் கடிதம்) வரி விடாமல் படியுங்கள். எங்களுடையதில் கேட்காமலே இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைக் கடன் தொகையோடு சேர்த்திருந்தார்கள், அதற்கும் இருபது வருஷம் வட்டி! வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததும் எடுத்துவிட்டார்கள். போனஸ் வந்தால் அசலில் கட்டுவோம், மாறும் வட்டியில் தனிநபர் வீட்டுக்கடனுக்கு அதற்கு அபராதம் கிடையாது.