‘லேசர் சைட்’: குறிநோக்கியா, குறிசுட்டியா?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். துப்பாக்கியில் பொருத்தி லேசர் ஒளியால் குறிபார்க்க உதவும் ‘லேசர் சைட்’ அடிக்கடி வருகிறது. லேசருக்குச் ‘சீரொளி’ என்று கொண்டு, ‘சீரொளிக் குறிநோக்கி’ என்று போட்டிருக்கிறேன். (கணினி மொழிபெயர்ப்பு ‘லேசர் பார்வை’ என்றது, கண் மருத்துவமனை விளம்பரம் போலிருந்தது.) பொருந்துமா?

---

ஐயா, சீரொளி சரி. நோக்கிதான் ஒட்டவில்லை. தொலைநோக்கி, நுண்ணோக்கி இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்க்கிறோம். துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் குறிபார்க்க இருக்கும் முன்குறியையும் பின்குறியையும் ஒரே கோட்டில் நிறுத்துவதும் பார்ப்பதுதான். லேசர் சைட்டுக்குள் எவரும் பார்ப்பதில்லை. எதிரே நிற்பவர்மேல் அது ஒரு புள்ளியைப் போடுகிறது. சுடுபவரின் கண் அந்த ஆளைவிட்டு அகல வேண்டியதில்லை. இருட்டில், கீழே விழுந்து கிடக்கையில், துப்பாக்கியைக் கண்மட்டத்துக்கு உயர்த்த முடியாதபோது கைகொடுப்பது இதுதான். எனவே ‘சீரொளிக் குறிசுட்டி’ என்பேன். குண்டில்லாத துப்பாக்கியின் விசையை இழுத்துப் பழகும்போதும், சுவரில் புள்ளி துள்ளுவது விரலின் பிழையைச் சுட்டிவிடுகிறதே!

---

> ‘சீரொளிக் குறிசுட்டி’ என்பேன்

அம்மா சொல்வதை ஏற்கிறேன், ஓர் ஐயத்தோடு. சுட்டிய இடத்தில்தான் குண்டு படும் என்று வாசகர் நம்பிவிடக் கூடாது. லேசர் குழலுக்குச் சற்றுக் கீழேயோ பக்கவாட்டிலோ இருக்கிறது. ஒளி நேராகப் போகும். குண்டு வளைந்து இறங்கும். எந்தத் தூரத்துக்குச் சரிசெய்து வைத்தோமோ அங்கேதான் இரண்டும் கூடும். ஓர் அறைக்குள் இந்த விலகல் பொருட்படுத்தத் தக்கதன்று என்பதும் உண்மை.

பெரிய குறை பட்டப்பகல். 635–650 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளி வெயிலில் கரைந்துவிடும். பகலில் மனிதக் கண் 555 நானோமீட்டருக்கு அருகேதான் மிகக் கூர்மை என்பதால் 520–532 பச்சை தேவலாம். அப்போதும், புள்ளி எங்கே என்று தேடிக்கொண்டிருப்பவர் அந்த நொடியைக் கோட்டை விட்டுவிடுவார். முன்குறி, பின்குறியில் கை பழகியவருக்கு இது கூடுதல் துணை. பழகாதவருக்கு வீண் தைரியம். மின்கலம் தீர்ந்தால் அதுவும் போயிற்று.

‘குறிநோக்கி’யைத் தூக்கி எறிய வேண்டாம். கண்ணாடிச் சில்லுக்குள் செம்புள்ளி தெரியும் ‘ரெட் டாட்’ கருவிக்கு அது கச்சிதம். அங்கே புள்ளி கண்ணாடியில் மட்டும்தான், எதிராளிமேல் விழுவதில்லை.

---

இருவருக்கும் நன்றி. ‘சீரொளிக் குறிசுட்டி’ என்றே மாற்றிவிட்டேன். ஐயா சொன்ன குண்டின் வளைவை அடிக்குறிப்பாகச் சேர்க்கிறேன். இன்னும் ஒன்று பாக்கி. கிரிம்சன் டிரேஸ் நிறுவனத்தின் லேசர் பொருத்திய துப்பாக்கிப் பிடிகளில் நடுவிரல் படும் இடத்திலேயே பொத்தான் இருக்கிறது. துப்பாக்கியை இறுகப் பிடித்தாலே லேசர் எரியும். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 2010இல் வெளியிட்ட, லேசர் உள்ள பாடிகார்ட் 380 கைத்துப்பாக்கியில் சட்டகத்தின் முன்பக்கமுள்ள சிறு பொத்தானைத் தனியாக அழுத்த வேண்டும். பதற்றத்தில் இந்த வேறுபாடு பெரிது என்கிறது கட்டுரை. முன்னதற்குப் ‘பிடிப்பொத்தான்’ போதும் என நினைக்கிறேன். பின்னதற்கு?