மீட்டரில் 24 சதவீதம் இருக்கும்போதே லோடு வண்டி நின்றுவிட்டது, கரண்ட் பில்லும் ஏறிவிட்டது, அவசரம்

காசிமேடு லோடு (செவ்வாய், காலை 9.12)
அண்ணன்மாரே, அவசரம். எலக்ட்ரிக் லோடு ஆட்டோ. இன்று விடிகாலை மீன் ஏற்றிக்கொண்டு மாதவரம் போகும்போது மூலக்கடை மேம்பாலம் ஏறுகிற இடத்தில் அப்படியே படுத்துவிட்டது. மீட்டரில் 24 காட்டியது, சிவப்புகூட வரவில்லை. ஆஃப் பண்ணிப் பத்து நிமிஷம் விட்டால் கொஞ்ச தூரம் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. தள்ளி ஓரம் கட்டி, வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் பாதி உருகிவிட்டது, வியாபாரி கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்துவிட்டார். வாங்கின புதிதில் ஒரு சார்ஜில் இரண்டு நடை போய் வருவேன், இப்போது ஒன்றரைகூட இல்லை. அதோடு வாடகை வீட்டுக்காரர் இந்தத் தடவை வண்டிக்கு சார்ஜ் போட்ட கரண்ட்டுக்கு மட்டும் 6,800 ரூபாய் கேட்கிறார். சர்வீஸில் பேட்டரியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். நாளைக்கும் லோடு இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை வயர்மேன் (9.30)
தம்பி, வண்டி வாங்கி எத்தனை மாதம்? பேட்டரி லித்தியமா, லெட் ஆசிடா? எங்கே சார்ஜ் போடுகிறீர்கள், சுவர் பிளக்கிலா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலா? இதெல்லாம் சொல்லாமல் என்ன சொல்வது.

பழைய டீசல் (9.41)
முதலில் பேட்டரியை விடுங்கள். மீன் லோடு என்றால் ஐஸ் தண்ணீர், உப்புத் தண்ணீர், இரண்டும் கீழே ஒழுகி பின் சக்கர டிரம்முக்குள் போகும். டிரம் துருப்பிடித்து பிரேக் பிடித்தபடியே வண்டி இழுக்கும். பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், சுலபமாகச் சுற்ற வேண்டும். டயரில் காற்றும் பாருங்கள். முப்பது வருஷம் லோடு ஓட்டியவன் சொல்கிறேன், பாதிப் பேருக்கு நோய் சக்கரத்தில்தான் இருக்கும்.

வோல்ட் வாத்தியார் (10.05)
மறுபடியும் இதே கேள்வி. பேட்டரியின் வேதியியல் என்ன, கொள்ளளவு எத்தனை கிலோவாட் அவர், எத்தனை சார்ஜ் சுழற்சி முடிந்திருக்கிறது, எதுவும் இல்லாமல் "வண்டி நின்றுவிட்டது" என்று எழுதினால் யாரும் ஜோசியம் பார்த்துச் சொல்ல முடியாது. லட்சக்கணக்கில் பணம் போட்டு வண்டி எடுக்கிறவர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து அடிப்படையைப் படித்துவிட்டு எடுக்கலாம். 20 சதவீதத்துக்குக் கீழே இறக்காதே, 80க்கு மேலே ஏற்றாதே என்று நான் எத்தனையோ முறை எழுதியாயிற்று. அதை மீறியிருப்பீர்கள், பேட்டரி தேய்ந்திருக்கும்.

காசிமேடு லோடு (10.20)
வாங்கி 14 மாதம். லித்தியம்தான். சார்ஜர் வண்டியோடு கொடுத்தது. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பிளக்கில் இருந்து பாக்ஸ் இழுத்துப் போடுகிறேன். வாத்தியார் அண்ணா, நான் மீறவே இல்லை. உங்கள் பழைய பதிவைப் படித்துத்தான் ஏழு மாதமாக 80 வந்ததும் எழுந்து போய்ப் பிடுங்குகிறேன்.

வியாசை அக்கா (10.48)
தம்பி, கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. லித்தியத்திலும் இரண்டு ஜாதி உண்டு. பேட்டரிப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். 51.2 வோல்ட் என்று இருந்தால் அது எல்எஃப்பி, இரும்பு பாஸ்பேட் வகை.

காசிமேடு லோடு (11.02)
51.2 என்றுதான் இருக்கிறது அக்கா. போட்டோ ஏற மாட்டேன் என்கிறது.

வியாசை அக்கா (11.35)
நான் பேட்டரி பேக் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன், மாதத்துக்கு நாலைந்து வண்டி இதே புகாரோடு வருகிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் பேக்கில் 3.2 வோல்ட் செல்கள் 16 வரிசையாக இருக்கின்றன, அதுதான் 51.2. இந்த வகை செல்லில் 80 சதவீதம் இருந்தாலும் 40 சதவீதம் இருந்தாலும் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் மீட்டர் பேட்டரிக்குள் எட்டிப் பார்த்து அளவு சொல்ல முடியாது. உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது என்று கணக்குப்பிள்ளை மாதிரி கூட்டிக் கழித்துத்தான் எண்ணைக் காட்டுகிறது. தினமும் அந்தக் கணக்கில் கொஞ்சம் பிழை சேரும். முழு சார்ஜ் ஏறி, செல்கள் 3.65 வோல்ட்டை நெருங்கும்போதுதான் அதற்கு "இதுதான் 100" என்று நிச்சயமாகத் தெரியும், பழைய பிழையை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். நீங்கள் ஏழு மாதமாக அந்த இடத்துக்கே அதை விடவில்லை. ஆக நீங்கள் பார்த்த 24, உண்மையில் ஐந்தோ ஆறோவாக இருந்திருக்கலாம்.

இரண்டாவது, பேலன்ஸ். 16 செல்லும் ஒரே மாதிரி காலியாகாது, ஒன்றிரண்டு பின்தங்கும். பிஎம்எஸ் என்கிற காவல் போர்டு, முன்னால் போன செல்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, பின்தங்கினது மேலே வர வழி விடும். பெரும்பாலான வண்டிகளில் இது சார்ஜின் கடைசிக் கட்டத்தில் மட்டும்தான் நடக்கும், அதுவும் மிகச் சின்ன கரண்ட்டில். 80ல் பிடுங்கினால் அது நடக்கவே நடக்காது. பாலம் ஏறும்போது மோட்டார் கரண்ட்டை அதிகம் இழுக்கும், அந்தப் பலவீனமான ஒரு செல் 2.5 வோல்ட் பக்கம் சரியும், உடனே காவல் போர்டு மொத்தத்தையும் அணைத்துவிடும். பத்து நிமிஷம் விட்டால் அந்த செல் கொஞ்சம் எழும், வண்டி ஓடும். நீங்கள் சொன்னது அச்சாக இதுதான்.

இன்றைக்கே 100 வரை போடுங்கள். 100 காட்டிய பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் பிடுங்காமல் விடுங்கள். ஒரு ராத்திரியில் தீராது, நாலைந்து ராத்திரி செய்யுங்கள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது முழு சார்ஜ். அதுவரை பேட்டரி மாற்றக் கையெழுத்துப் போடாதீர்கள். 14 மாதம் என்றால் வாரன்டியும் பெரும்பாலும் இருக்கும், பில்லை எடுத்துப் பாருங்கள்.

வோல்ட் வாத்தியார் (12.10)
80 வரை என்று நான் எழுதியது அறிவியல் அடிப்படையில்தான். நிரம்பிய நிலையில், அதுவும் நம் ஊர் வெயிலில் வைத்திருந்தால் எந்த லித்தியமும் சீக்கிரம் கிழடாகும். இதை மறுக்க முடியுமா?

வியாசை அக்கா (12.26)
மறுக்கவில்லை அண்ணா. நிக்கல் கலந்த என்எம்சி வகைக்கு உங்கள் விதி மிகச் சரி, பல ஸ்கூட்டர்களில் அதுதான் இருக்கிறது. எல்எஃப்பிக்கும் நிரப்பி வைத்து நாள் கணக்கில் வெயிலில் விடுவது கெடுதல்தான். ஆனால் இவர் விடிகாலை இரண்டரைக்கு வண்டி எடுக்கிறவர். ராத்திரி எட்டரைக்குப் போட்டால் நடுநிசியில் நிரம்பும், நிரம்பின இரண்டு மூன்று மணி நேரத்தில் ஓட்டத் தொடங்கிவிடுவார். அதில் பெரிய சேதம் இல்லை. விதியை எழுதும்போது எந்த வகைக்கு என்று சேர்த்து எழுதுங்கள், உங்களை நம்பித்தான் அந்தத் தம்பி ஏழு மாதம் அலாரம் வைத்து எழுந்திருக்கிறார்.

வோல்ட் வாத்தியார் (12.40)
சரி, வகையைச் சேர்த்திருக்கலாம். ஆனாலும் தன் வண்டியில் என்ன இருக்கிறது என்று ஸ்டிக்கரைப் பார்ப்பது ஓட்டுகிறவர் பொறுப்பு.

கொருக்குப்பேட்டை வயர்மேன் (12.52)
பேட்டரியை அக்கா பார்த்துக்கொள்வார். என் கவலை அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஒரு மணி நேரம் சார்ஜ் ஏறின பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுடுகிறதா?

காசிமேடு லோடு (1.15)
சுடும் அண்ணா. ஒரு பக்கம் கொஞ்சம் பழுப்பாகவும் ஆகியிருக்கிறது.

கொருக்குப்பேட்டை வயர்மேன் (1.19)
இன்று ராத்திரி அந்த பாக்ஸில் போடவே போடாதீர்கள். மாடிப்படிக்குக் கீழே என்றால் வீட்டில் எல்லோரும் இறங்கி வருகிற ஒரே வழி அதுதான். டிவிக்கும் ஃபேனுக்கும் செய்த பாக்ஸ் மணிக்கணக்கில் இந்தக் கரண்ட்டைத் தாங்காது. 16 ஆம்ப் சாக்கெட் ஒன்று, மெயினில் இருந்து தனியாக 2.5 ஸ்கொயர் எம்எம் செப்பு வயர், தூரம் அதிகம் என்றால் 4, கரண்ட் அளவு மீறினால் அணைக்கிற தனி எம்சிபி, கசிவு இருந்தால் அணைக்கிற ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த். காசிமேடு பக்கம் உப்புக் காற்றில் எர்த் கம்பி அரித்துப் போயிருப்பதை நான் நிறைய வீட்டில் பார்த்திருக்கிறேன், அதை அவசியம் சோதிக்கச் சொல்லுங்கள். வண்டியின் சார்ஜிங் பின்னில் பச்சை பூத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஓடி வந்த சூட்டோடு போடாதீர்கள், அரை மணி, முக்கால் மணி ஆற விடுங்கள், தகரக் கொட்டகை என்றால் கண்டிப்பாக.

திருவொற்றியூர் வாடகை (2.05)
யாரும் பில்லைப் பற்றிப் பேசவில்லையே. 6,800 எப்படி வந்தது? சப் மீட்டர் இருக்கிறதா, யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார்?

காசிமேடு லோடு (2.11)
சப் மீட்டர் இருக்கிறது. 567 யூனிட், யூனிட் 12 ரூபாய்.

திருவொற்றியூர் வாடகை (2.20)
அநியாயம். ஈபியில் ஆயிரம் யூனிட்டுக்கு மேலே போனால்கூட அந்த விலை கிடையாது. முதல் நூறு யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறது, அது வீட்டுக்காரர் பாக்கெட்டுக்குப் போகிறது, நாம் பன்னிரண்டு கொடுக்கிறோம். வடசென்னை முழுக்க இதே கதை.

மாடி போர்ஷன் (2.44)
நானும் வீட்டுக்காரன்தான், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஓடுகிற மீட்டரில் இந்த 567ஐச் சேர்த்தால் 1,047. வண்டியின் யூனிட் எல்லாம் மேல் விலைப்படிகளில் போய் உட்காரும், 500க்கு மேல் எட்டு ரூபாய் சொச்சம், 600க்கு மேல் ஒன்பது சொச்சம், 800க்கு மேல் பத்து சொச்சம். 500 தாண்டியதுமே கீழ்ப்படியில் இருந்த சலுகை விலையும் கொஞ்சம் போய்விடும். நான் போட்டுப் பார்த்ததில் வண்டியால் மட்டும் கூடுவது ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேல், ஆறாயிரத்துக்குள். 6,800 அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலு ரூபாய், ஐந்து ரூபாய் கணக்கில் கொடுத்தால் மீதி எங்கள் தலையில் விழும். அதோடு வாடகைக்கு லோடு அடிக்கிற வண்டியை வீட்டு லைனில் போடலாமா என்பதே சந்தேகம், வணிக இணைப்பு கேட்பார்கள்.

திருவொற்றியூர் வாடகை (3.02)
2022 ஜனவரியில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே வீட்டில் இருக்கிற இணைப்பில் சொந்த வண்டிக்கு சார்ஜ் போடலாம் என்று இருக்கிறது. பயமுறுத்தாதீர்கள்.

மாடி போர்ஷன் (3.10)
சொந்த வண்டிக்கு என்றுதான் இருக்கிறது, சம்பாதிக்கிற வண்டியைத் தனியாகச் சொல்லவில்லை. செக்கிங் வந்து நிற்கும்போது பதில் சொல்கிறவன் நான்.

திருவொற்றியூர் வாடகை (3.16)
ஆட்டோவும் சொந்த வண்டிதான். அடுத்தவர் வண்டிக்குக் காசு வாங்கிப் போட்டால்தான் வியாபாரம்.

வியாசை அக்கா (3.40)
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தம்பி, ஈபி பில்லைக் காட்டச் சொல்லி, வண்டியால் கூடினது எவ்வளவோ அதைக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்து பேசுங்கள். வெளியே பொது சார்ஜிங் நிலையத்தில் கட்டணத்துக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும், அதனால் வீட்டில் போடுவதை விட்டுவிடாதீர்கள்.

எண்ணூர் கழி (மாலை 6.15)
இதிலேயே கேட்கிறேன், மன்னிக்கவும். கரண்ட் மோட்டார் போட்டு ஃபைபர் படகு ஓட்ட முடியுமா? பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை.

பழைய டீசல் (6.32)
கடலில் நடுவில் 24ல் நின்றால் தள்ளி ஓரம் கட்ட முடியாது, அதை யோசியுங்கள்.

வியாசை அக்கா (7.05)
எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அண்ணா. 10 குதிரைத்திறன் எஞ்சின் என்றால் 7.5 கிலோவாட். போக மூன்று மணி, வர மூன்று மணி முழு வேகத்தில் என்றால் 45 கிலோவாட் அவர் வேண்டும், அந்த பேட்டரி முந்நூறு கிலோவுக்கு மேல் வரும். வலையும் மீனும் எங்கே வைப்பது? ஆழ்கடலுக்கு இப்போதைக்கு வேண்டாம். ஆனால் கழிமுகத்துக்குள் இறால், நண்டுக்குப் போகிற சின்னப் படகு என்றால் ஒரு கிலோவாட் மோட்டார், நாலைந்து கிலோவாட் அவர் பேட்டரி, மெதுவாகப் போனால் காலை வேலை முடியும். கேரளாவில் வைக்கத்தில் 75 பேர் ஏறுகிற சோலார் படகு 2017இல் இருந்து ஓடுகிறது, கொச்சி வாட்டர் மெட்ரோவும் பேட்டரியில்தான். அவை காயலில், துறையில் இருந்து துறைக்குப் போகிறவை, துறையிலேயே சார்ஜர் இருக்கிறது. எண்ணூரில் உங்களுக்கு அந்தத் துறையும் கரண்ட் கம்பமும் வேண்டும், அதைச் சங்கம் மூலமாகக் கேளுங்கள், நானும் வந்து அளந்து தருகிறேன்.

விசைப்படகு டிரைவர் (8.20)
எங்களுக்கு வேறு தொல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு சும்மா நிற்கும். ஒவ்வொரு வருஷமும் ஜூன் 15 அன்று செல்ஃப் எடுக்காது, இரண்டு பேட்டரி புதிதாக வாங்குகிறோம்.

கொருக்குப்பேட்டை வயர்மேன் (8.41)
சும்மா நிற்கும்போது லெட் ஆசிடை முழு சார்ஜில் வையுங்கள் அண்ணா, நாள் கணக்கில் நிறுத்தி வைக்கிற லித்தியத்துக்கு நேர் எதிர். டெர்மினலைக் கழற்றி, வீட்டுக்குக் கொண்டு வந்து, மாதம் ஒரு தடவை சார்ஜ். 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும், அப்புறம் எழாது. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடின கேபினுக்குள் வைத்து சார்ஜ் போடாதீர்கள், ஹைட்ரஜன் தேங்கும், வெடிக்க ஒரு பீடி போதும்.

விசைப்படகு டிரைவர் (8.50)
கழற்றாமல் அப்படியே விட்டதுதான் தப்பா. சரி, இந்த வருஷம் செய்கிறேன்.

காசிமேடு லோடு (திங்கள், மதியம் 1.30)
வயர் மாற்றியாச்சு. அஞ்சு ராத்திரி முழுசாப் போட்டேன். இன்று இரண்டு நடை முடித்து வந்தும் 19 காட்டுகிறது, பாலத்தில் நிற்கவில்லை. டிரம்மும் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது, சுத்தம் பண்ணினேன். அக்காவுக்கும் அண்ணன்களுக்கும் நன்றி. வீட்டுக்காரர் இன்னும் பில் காட்டவில்லை.

வியாசை அக்கா (2.02)
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முழு சார்ஜ், மறக்காதீர்கள்.