ரெக்கார்ட் பிளேயருக்கு அடியில கிரானைட் பலகை வெச்சா சவுண்டு மாறுமா?

பாறைமேடு (கிருஷ்ணகிரி): "ஸ்டாண்டு, ரப்பர் எல்லாம் காசு பிடுங்குற வேலை, சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல"ன்னு தர்மபுரி அண்ணா நேத்து தீர்ப்பு எழுதிட்டுப் போயிருக்காரு. ரெக்கார்ட் பிளேயர் ஓடுற வீட்டுல போய் இதைச் சொல்லுங்கண்ணா. 45க்கு 40 செ.மீ., 20 மி.மீ. கனத்துல கிரானைட் பலகை சுமார் 10 கிலோ வரும். பர்கூர் பக்கம் பாலிஷ் பட்டறையில கழிவுத் துண்டே போதும்.

ஊசிமுனை (தர்மபுரி): தம்பி, அந்தக் கல்லை விரல் முட்டியால தட்டுங்க. டங்குன்னு வருதா? மணி மேல பிளேயரை வைக்கச் சொல்றீங்க.

பாறைமேடு: வெறுங்கல்லு டங்குன்னுதான் சொல்லும். கீழ ரப்பர் வைக்கணும், அது எவ்வளவு அமுங்குதுன்னு அளக்கணும். 1 மி.மீ. அமுங்கினா 16 ஹெர்ட்ஸ்ல, அதாவது நொடிக்கு 16 தடவை ஆடும், 4 மி.மீ.ன்னா 8, 10 மி.மீ.ன்னா 5. வர்ற அதிர்வு அந்த எண்ணுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல இருந்தாத்தான் ரப்பர் தடுக்கும். டோன் ஆர்மும் (ஊசியைத் தாங்குற கை) கார்ட்ரிட்ஜும் (அது நுனியில ஊசி மாட்டுற பாகம்) சேர்ந்து 8லேர்ந்து 12 ஹெர்ட்ஸுக்குள்ள ஆடுறதால, 4 மி.மீ.ல நிறுத்தினா ரெண்டும் கைகோத்துக்கும், ஊசி குதிக்கும். ரப்பருக்குப் பதிலா சின்ன சைக்கிள் டியூப்ல கால்வாசி காத்தடிச்சு வைங்க, அந்த எண் இன்னும் கீழ இறங்கிடும்.

ஈயப்பற்று (ஓசூர்): ரப்பர் கணக்கைவிட விறைப்பாத்தான் ஆடும், எண் கொஞ்சம் மேலதான் நிக்கும். அப்புறம், டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு அடியில கல்லு வெச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. கண்ணாடிக் குழாய் வெச்ச பழைய வால்வு செட்டுன்னா வேற கதை, வால்வைப் பென்சிலால தட்டினாலே ஸ்பீக்கர்ல கேக்கும்.

பாறைமேடு: ஆம்ப்ளிஃபயரை யாரு கேட்டா? ஒயர் பத்தின விவாதத்துல வாங்கிக் கட்டிக்கிட்டது இன்னும் ஆறலையா?

ஊசிமுனை: கல்லு டங்குன்னுதே, அதுக்குப் பதில்?

பாறைமேடு: மோட்டாரை நிறுத்துங்க. நிக்கிற ரெக்கார்டு மேல ஊசியை வைங்க. வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, ஸ்டாண்டைத் தட்டுங்க. கேக்குற 'தொம்' அத்தனையும் பாட்டோட கலக்குற குப்பை. கல்லும் டியூபும் வெச்சு மறுபடி தட்டுங்க. முழு வால்யூம் வேணாம், ஊஃபர் (பாஸ் ஸ்பீக்கர்) கிழியும்.

ஊசிமுனை: ஸ்டாண்டைத் தட்டுறது யாரு? பாட்டு கேக்கும்போது நாங்க மேளம் அடிக்கறதில்ல. ஸ்பீக்கருக்கு அடியில நாலு ஸ்பைக் (கூர்முனைக் கால்) போட்டாச்சு, போதும்.

பாறைமேடு: ஸ்பைக் அதிர்வைத் தடுக்காதுங்கண்ணா, பெட்டியைத் தரையோட இறுக்கும், ஆடாம நிறுத்தும், அவ்வளவுதான். கீழ ஒத்த ரூபாய்க் காசு வைக்கலைன்னா டைல்ஸ்ல ஓட்டை விழும். மேளம் அடிக்கிறது ஸ்பீக்கர்தான், அதே அறையில.

ஊசிமுனை: 2004ல எங்க மாவட்டத்துலேர்ந்து பிரிஞ்சு போனவங்க எங்களுக்குப் பாடம் எடுக்கறாங்க.

ஈயப்பற்று: நீங்க 1965ல சேலத்துலேர்ந்து பிரிஞ்சவங்கதானே?

ஊசிமுனை: அது வேற. கல்லு விக்கிற ஊரு கல்லைத்தான் புகழும்.

பாறைமேடு: மாங்காயும்தான் விக்கிறோம், பிளேயருக்கு அடியில வைக்கச் சொன்னோமா? டியூப்ல காத்து கால்வாசிக்கு மேல வேணாம். தட்டிப் பாத்துட்டு எழுதுங்க.

ஊசிமுனை: தட்டியாச்சு. டங்.

பாறைமேடு: கீழ டியூப் வெச்சீங்களா?

ஊசிமுனை: டங்.