திம்மையா கொரியாவில் வென்றாரா, கைகழுவினாரா?

குடகுமலை: இந்திய ராணுவத்தின் ஜெனரல் திம்மையா என்றதும், 1948 நவம்பர் 1 அன்று காஷ்மீரின் சோஜிலா கணவாயில் டாங்கிகளை ஏற்றிய வீரத்தோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். என் கணிப்பில், கொரியப் போரில் பிடிபட்டு, தாயகமான சீனாவுக்கோ வட கொரியாவுக்கோ திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளுக்குப் பொறுப்பான நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு 1953இல் கொரியாவில் தலைமை ஏற்றதே அதைவிடக் கடினமான பணி.

மறுபக்கம்: கடினம்தான், நிறைவேறியதா என்பதே கேள்வி. ஊர் திரும்பும்படி தாயகப் பிரதிநிதிகள் கைதிகளிடம் பேசிப்பார்க்க, 90 நாள் நடந்திருக்க வேண்டிய விளக்கக் கூட்டங்கள் பத்தே நாள்தான் நடந்தன. முகாம்களுக்குள் கம்யூனிச எதிர்ப்புத் தலைவர்களின் ஆட்சி நடந்ததால், ஊர் திரும்ப நினைத்தவன் வாய்திறக்கவே அஞ்சினான். இறுதியில், 1954 ஜனவரியில், அவர்களைச் சிறைபிடித்த ஐ.நா. படைத் தலைமையிடமே கைதிகளைத் திருப்பிக் கொடுத்தார். இதைக் கைகழுவுதல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

குடகுமலை: ஐயா, கைதிகள்மீது பலத்தையோ மிரட்டலையோ பயன்படுத்தக் கூடாது என்று ஆணையத்தின் விதியே கட்டிப்போட்டிருந்தது. விளக்கக் கூடாரத்துக்கு இரண்டு வாசல்கள்; ஒன்றில் வெளியேறினால் தாயகம், மற்றொன்றில் வெளியேறினால் மறுப்பு. அந்தக் கூடாரத்துக்கே வர மறுத்த ஆயிரக்கணக்கானோரைத் துப்பாக்கி முனையில் இழுத்து வந்திருந்தால், முகாம் பிணக்காடாகியிருக்கும்.

மறுபக்கம்: விதியை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 1959இல் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தபோது பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு முரண்பட்டு ராஜினாமா கொடுத்து, நேரு கேட்டுக்கொண்டதும் திரும்பப் பெற்றதிலும் இதே குணத்தையே காண்கிறேன்: விளிம்பு வரை செல்வார், பிறகு நின்றுவிடுவார்.

தெற்குவாசல்: இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். போர்த்தளபதிக்குக் குறையாகத் தெரியும் அந்தக் குணமே அமைதிப்படைத் தளபதிக்கு முதல் தகுதி. 1964 ஜூலையில், கிரேக்க, துருக்கிய இனத்தவர் மோதிக்கொண்டிருந்த சைப்ரஸ் தீவில் அவர் ஐ.நா. அமைதிப்படைக்குப் பொறுப்பேற்ற அடுத்த மாதமே கொக்கினா பகுதியில் துருக்கி விமானங்கள் குண்டு வீசின. எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்கவேண்டிய அந்தப் பொறுப்பில் இருந்தபடியே 1965 டிசம்பர் 18 அன்று மாரடைப்பால் இறந்தார். மறு ஆண்டு சைப்ரஸ் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

மறுபக்கம்: சைப்ரஸில் எனக்கு வழக்கில்லை, அங்கே இரு தரப்பும் தம் குறையைத் தாமே அவரிடம் சொல்ல முடிந்தது. கொரியாவில் அந்தக் கூடாரம் வரை வரமுடியாமல் போனவர்கள் எந்த வாசலைத் தேர்ந்திருப்பார்கள் என்பதற்கு மட்டும் நீங்கள் இருவரும் இன்னும் விடை சொல்லவில்லை.