ஒபாமாகேர் (அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்) மானியம் யார் கைக்குப் போகிறது? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

பிளேனோ, டெக்சாஸ்

2023 மார்ச்சில் என் கணவருக்கு வேலை போனது. பழைய கம்பெனியின் காப்பீட்டையே கோப்ரா சட்டப்படி தொடரலாம் என்றார்கள். ஆனால் கம்பெனி அதுவரை கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும் நாமே கட்டவேண்டும், நிர்வாகச் செலவுக்கு 2 சதவீதம் தனி. சம்பளம் நின்றுபோன வீட்டில் அது நடக்கிற காரியமா? காப்பீடு போய் 60 நாளுக்குள் ஒபாமாகேர் காப்பீடுகளை வாங்கும் தளமான மார்க்கெட்ப்ளேஸில் சேரலாம் என்பதால் அங்கே போனோம்.

இந்த வருடம் வீட்டுக்கு மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டார்கள். அதுவரை வாங்கிய சம்பளம், வேலையிழப்புப் பணம், என் பகுதிநேர வேலை எல்லாம் கூட்டி 60,000 டாலர் என்று கொடுத்தோம். நம் ஊரில் கிடைக்கும் சில்வர் (நடுத்தர நிலை) திட்டங்களில் இரண்டாவது மலிவானதுதான் அளவுகோல். அதன் விலையில் நம் வருமானத்துக்கேற்ற பங்கைக் கழித்தால் வருவது மானியம். எங்களுக்கு அளவுகோல் மாதம் 1,180, எங்கள் பங்கு 220, மானியம் 960.

ஊரில் கேஸ் மானியம் வருகிற மாதிரி வங்கியில் விழும் என்று நினைத்து, கணவர் எந்த அக்கவுன்ட்டைக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியே வரவில்லை. அரசு மாதாமாதம் காப்பீட்டுக் கம்பெனிக்கே நேராக அனுப்பிவிடுகிறது. நமக்கு வருவது மிச்சத்துக்கான பில் மட்டும். அந்த மிச்சத்தை முதல் மாதம் கட்டாவிட்டால் காப்பீடு தொடங்கவே தொடங்காது.

அக்டோபரில் வேலை கிடைத்தது. உடனே தகவல் சொல்லி ரத்து செய்தோம். அதோடு முடிந்ததா என்றால், இல்லை. இவர்கள் பார்ப்பது மாத வருமானத்தை அல்ல, வருட வருமானத்தை. கடைசி மூன்று மாதச் சம்பளமும் சேர்ந்ததில் வருட மொத்தம் 85,000 ஆகிவிட்டது. கையில் வேலையே இல்லாத ஜூன், ஜூலை மாதங்களின் மானியத்தையும் அந்த 85,000-ஐ வைத்தே மறுபடி கணக்குப் போட்டார்கள். ஜனவரியில் மார்க்கெட்ப்ளேஸின் மானியக் கணக்குத் தாளான 1095-ஏ வந்தது. அதிலுள்ள எண்களை வருமான வரிக் கணக்கோடு சேர்க்கும் 8962 படிவத்தில் நிரப்பியதும், ரீஃபண்டில் கிட்டத்தட்ட 1,900 டாலர் குறைந்தது. முதலில் கோபம்தான். இதை மானியம் என்று நினைக்காமல், வருமான வரியில் வாங்கிய முன்பணம் என்று நினைத்த பிறகுதான் மனசு ஆறியது. உண்மையில் சட்டப்படியும் அது வரிச் சலுகைதான்.

சார்லட், வட கரோலினா

எங்கள் கதை அப்பா அம்மாவுடையது. 2022-இல் கிரீன் கார்டில் வந்தார்கள், இருவருக்கும் 65 தாண்டிவிட்டது. இங்கே ஐந்து வருடம் இருந்தால்தான் 65 தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரைக் காசு கொடுத்தாவது வாங்கமுடியும். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டுக்கும் அதே ஐந்து வருடக் காத்திருப்பு. மானியம் இல்லாமல் மார்க்கெட்ப்ளேஸில் இரண்டு பேருக்கும் மாதம் 2,000 டாலருக்கு மேல்.

அவர்களை என் வரிப் படிவத்தில் டிபென்டன்ட் (என்னைச் சார்ந்தவர்கள்) என்று காட்டினால் என் சம்பளமும் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் அவர்கள் இருவரும் தனியாக ஜாயின்ட் ஃபைலிங் செய்தார்கள். திருச்சி வீட்டு வாடகை, எஃப்டி வட்டி எல்லாவற்றையும் டாலரில் மாற்றிக் காட்டினோம். கிரீன் கார்டு வந்துவிட்டால் ஊர் வருமானத்துக்கும் இங்கே கணக்குச் சொல்லியாக வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தாலும், குடியேற்ற நிலையால் மெடிக்கெய்ட் கிடைக்காதவர்களுக்கு அப்போது மானியம் உண்டு. மூன்று வருடம் அப்படி ஓடியது.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் 2026 ஜனவரியிலிருந்து அந்த வழியை அடைத்துவிட்டது. 2026-இல் இருவர் உள்ள வீட்டுக்கு வருடம் 21,150 டாலராவது வருமானம் இருந்தால்தான் மானியம். வருமானம் கொஞ்சம் கூடினால் உதவி உண்டு, குறைந்தால் கிடையாது. இதை அப்பாவுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. எனக்கே புரியவில்லை.

ராலே, வட கரோலினா

சின்னத் தகவல். எனக்கு மட்டும் என்றால் ஆபீஸ் காப்பீடு மலிவு. மனைவியையும் குழந்தைகளையும் சேர்த்தால் சம்பளத்தில் பெரும் பகுதி போய்விடும். 2022 வரை ஊழியர் ஒருவரின் பிரீமியம் கட்டுப்படியானாலே குடும்பம் முழுவதற்கும் மானியம் இல்லை என்பார்கள். 2023-லிருந்து குடும்பப் பிரீமியத்தைத் தனியாகப் பார்க்கிறார்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வருடமே கிடைத்தது. முன்பு மறுக்கப்பட்டவர்கள் மறுபடி விண்ணப்பித்துப் பாருங்கள்.

டாம்பா, புளோரிடா

கம்பெனிக்கு நேராகப் பணம் போவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நான் ஆபீஸ் காப்பீட்டில் இருப்பவன். போன வருடம் வரி ஃபைல் செய்தால் ஐஆர்எஸ் (வரித்துறை) திருப்பி அனுப்புகிறது: 8962 எங்கே? விசாரித்தால், முன்பின் தெரியாத ஏஜென்ட் ஒருவர் என் பெயரில் குறைந்த வருமானம் காட்டி, பிரீமியமே இல்லாத திட்டத்தில் என்னைச் சேர்த்திருக்கிறார். மானியம் முழுத் தொகையையும் மூடிவிடுவதால் எனக்கு ஒரு பில்கூட வரவில்லை. கம்பெனிக்கு மானியம், ஏஜென்டுக்குக் கமிஷன், எனக்கு வரிப் பாக்கி!

மார்க்கெட்ப்ளேஸுக்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். 1095-ஏ செல்லாது என்று திருத்திய தாள் வந்தபிறகுதான் ஃபைலிங் போனது. நான் தனி ஆள் இல்லை. 2024-இன் முதல் எட்டு மாதத்தில் மட்டும் இந்த மாதிரி 2.5 லட்சத்துக்கும் மேல் புகார்கள். அந்த ஜூலையிலிருந்து, ஏற்கெனவே உங்களோடு தொடர்பில்லாத ஏஜென்ட் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் நீங்களும் போனில் இருக்கவேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. யார் கேட்டாலும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கொடுக்காதீர்கள்.

ஹூஸ்டன், டெக்சாஸ்

பிளேனோ அக்காவுக்கு ஒரு வார்த்தை. டிடக்டிபிளை (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கையிலிருந்து கட்டும் தொகையை) குறைக்கக் கம்பெனிகளுக்குக் கொடுத்துவந்த தனிப் பணத்தை டிரம்ப் அரசு 2017 அக்டோபரில் நிறுத்தியது. கம்பெனிகள் அந்தச் செலவைச் சில்வர் விலையில் ஏற்றின. சில்வர் ஏறினால் அளவுகோலும் ஏறும், அதோடு மானியமும் ஏறும். அதனால் நம் டெக்சாஸில் பல இடங்களில் சில்வருக்கு மேல் நிலையான கோல்டு திட்டம் சில்வரைவிட மலிவு. சில்வரோடு நிற்காமல் கோல்டையும் பாருங்கள்.

பிளேனோ, டெக்சாஸ்

நன்றி தம்பி. இப்போது எங்களுக்கு ஆபீஸ் காப்பீடு. 2026-இல் சேருகிறவர்கள் இரண்டைக் கவனியுங்கள். மூன்று பேர் வீட்டில் வருட வருமானம் 106,600-ஐ ஒரு டாலர் தாண்டினாலும் மானியம் முழுவதும் போய்விடும். அப்புறம், 2025 வரை திருப்பிக் கட்டுவதற்கு ஒரு உச்சவரம்பு இருந்தது, 2026 கணக்கிலிருந்து அது இல்லை. வாங்கிய அதிகப் பணம் முழுதையும் கேட்பார்கள். வேலை மாறினால் அந்த வாரமே வருமானத்தைத் திருத்திவிடுங்கள்.