‘நொதித் தூண்டல்’ வேண்டாம், ‘நொதிப் பெருக்கம்’ என்று வைப்போம்

வணக்கம் ஐயா.

‘என்சைம் இண்டக்‌ஷன்’ என்பதற்கு உங்கள் கலைச்சொல் பட்டியலில் நீங்கள் தந்த ‘நொதித் தூண்டல்’ காதுக்குப் பழகிய சொல்தான். ஆனால் ‘ஆக்டிவேஷன்’ வரும்போதும் நாம் ‘தூண்டல்’ என்றே எழுதுகிறோமே? கல்லீரலில் இவை வேறு வேறு வேலைகள்.

இரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் குளுக்ககான் என்ற ஹார்மோன் சுரந்து, சேமித்த சர்க்கரையை உடைக்கும் கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ் என்ற நொதியை வேலைக்கு இறக்குகிறது. இது ஆக்டிவேஷன். நொதியின் அளவு கூடுவதில்லை. இருக்கிற மூலக்கூறில் ஒரு பாஸ்பேட் ஒட்டுகிறது, சில நிமிடங்களில் காரியம் நடக்கிறது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கதை வேறு. அது கல்லீரல் செல்லில் பிஎக்ஸ்ஆர் என்ற ஏற்பியோடு இணைந்து, மருந்துகளைச் சிதைத்துக் கழிக்கும் சிஒய்பி3ஏ4 நொதியின் மரபணுவைக் கூடுதலாகப் படியெடுக்க வைக்கிறது. நொதியே அதிகமாகிறது, இதுதான் இண்டக்‌ஷன். முழு அளவை எட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். மருந்தை நிறுத்திய பிறகு பழைய நிலைக்குத் திரும்பவும் ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். காசநோய் மாத்திரை சாப்பிடும் ஒரு பெண் கருத்தடை மாத்திரை கேட்டு வந்தார். ரிஃபாம்பிசின் இருக்கும்போது கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன் சீக்கிரம் கழிந்துவிடும், அதை நம்ப முடியாது. கடைப்பையன், “இது கல்லீரல் நொதியைத் தூண்டும்க்கா” என்று ஆரம்பித்தான். “கல்லீரலத் தூண்டி விட்டுடுமா? அப்ப காமாலை வருமா?” என்று அவர் பயந்துவிட்டார். காமாலை அந்த மருந்துகளால் வரக்கூடிய தனிப் பிரச்சினை. பயத்தில் காசநோய் மாத்திரையை நிறுத்தினால் அதைவிட ஆபத்து. “மருந்தக் கழிக்கிற பொருள் உங்க உடம்புல பெருகிடும்மா, அதனால இது நிக்காது, டாக்டர்கிட்ட வேற வழி கேளுங்க” என்றேன். உடனே புரிந்துகொண்டார்.

இண்டக்‌ஷனுக்கு இங்கே இன்னொருவர் ‘நொதியாக்கம்’ என்று எழுதியிருந்தார். நல்ல சொல், ஆனால் மதுவிடம் மாட்டிக்கொள்ளும். மது, தன்னைச் சிதைக்கும் நொதிகளில் ஒன்றான சிஒய்பி2இ1-ஐக் கூட்டுவது பெரும்பாலும் புதிதாக ஆக்கி அல்ல, இருப்பது சிதையாமல் காத்து. ‘பெருக்கம்’ என்றால் இரண்டு வழியும் அதற்குள் அடங்கும்.

ஆகவே இண்டக்‌ஷனுக்கு ‘நொதிப் பெருக்கம்’, அதைச் செய்யும் மருந்துக்கு ‘நொதிப்பெருக்கி’. ஆக்டிவேஷனுக்கு ‘கிளர்வூட்டல்’, வேதியியலில் ‘கிளர்வு ஆற்றல்’ ஏற்கெனவே இருக்கிறது. செல் பெருக்கத்தோடு குழம்புமோ என்று கேட்பீர்கள். முன்னால் ‘நொதி’ நிற்கும்வரை குழம்பாது, அதை மட்டும் எங்கும் விட்டுவிடக் கூடாது. அடுத்த பட்டியலில் இரண்டையும் தனித்தனி வரியில் சேர்த்துவிடுங்கள் ஐயா.